கொண்டுகூட்டிப் படிக்கலாமா ஃபாக்னரை?

வில்லியம் ஃபாக்னரின் 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி' நாவலைப் பாடமாக நடத்தும் ஆசிரியருக்கு வகுப்புக்குள் நுழையும் முன்பே ஒரு கேள்வி காத்திருக்கிறது. கதையைச் சொல்லிவிட்டுப் படிக்கச் சொல்வதா, படிக்கவிட்டுக் கதையைச் சொல்வதா? வேறு நாவல் என்றால் இது அவரவர் வசதி. இந்த நாவலில் அப்படி விட்டுவிட முடியாது. உதவியை எப்போது, எந்த வடிவில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, மாணவர் படிப்பது ஃபாக்னரின் நாவலா, அதே பெயர்கள் வரும் வேறொரு கதையா என்பதே மாறிவிடுகிறது.

1929 அக்டோபரில் வெளிவந்த நாவல் இது. மிஸிஸிப்பி மாநிலத்தில் ஃபாக்னர் கற்பனையில் கட்டிய ஜெஃபர்சன் என்ற ஊரில், காம்ப்ஸன் என்ற பழைய குடும்பம் நொடித்துப்போன கதை. நான்கு பகுதிகளுக்கும் தேதிதான் தலைப்பு: 1928 ஏப்ரல் 7, 1910 ஜூன் 2, 1928 ஏப்ரல் 6, 1928 ஏப்ரல் 8. முதல் பகுதியைச் சொல்பவன் பென்ஜி. முப்பத்து மூன்று வயது, பேச்சு வராது, மூளை வளர்ச்சி இல்லை. அவனுக்கு நேற்று, இன்று என்ற பேதம் கிடையாது. ஒரு வாசனையோ குளிரோ யாரோ கூப்பிடும் பெயரோ பட்டால் போதும், இருபது வருடம் பின்னால் போய்விடுவான். போனேன் என்றும் சொல்ல மாட்டான். குவென்டின் என்ற பெயர் ஒரு பத்தியில் ஆணுக்கு வரும், அடுத்த பத்தியில் பெண்ணுக்கு வரும். மாமன் பெயரை மருமகளுக்கு வைத்திருக்கிறார்கள். ஜேசன் என்று அப்பாவும் இருக்கிறார், மகனும் இருக்கிறான். பென்ஜிக்கே முதலில் இட்ட பெயர் மோரி, தாய்மாமனுடைய பெயர். பிள்ளை இப்படி என்று தெரிந்ததும் அம்மா மாற்றிவிட்டாள். முதல் அச்சில் போட்டவை 1,789 பிரதிகள். கூட்டம் மொய்க்கவில்லை.

வாசகருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் பேராசிரியர்களிடமிருந்து கிளம்பியதல்ல. புத்தகம் அச்சாகிக்கொண்டிருக்கும்போதே தொடங்கிவிட்டது. ஃபாக்னரின் நண்பரும் பதிப்பாசிரியருமான பென் வாஸன், பென்ஜி பகுதியில் காலம் தாவும் இடங்களைச் சாய்வெழுத்தால் குறித்திருந்ததை மாற்றி, வரிகளுக்கிடையே இடைவெளி விட்டுத் தெளிவாக்கப் பார்த்தார். தேனிலவுக்குப் பாஸ்ககூலா என்ற கடலோர ஊருக்குப் போயிருந்த ஃபாக்னரிடம் அச்சுப்படிகள் போயின. அவர் மறுபடி சாய்வெழுத்தையே கொண்டுவந்தார். இடைவெளி விட்டால் காலங்கள் தனித்தனிப் பெட்டிகளாகிவிடும், அந்த மனத்தின் குழப்பம் போய்விடும் என்பது அவர் கட்சி. அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்: அச்சுத்தொழில் வளர்ந்திருந்தால் ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு நிற மை போட்டிருக்கலாமாம். உதவியை மறுத்தவரே உதவியை விரும்பியும் இருக்கிறார். 2012-இல் லண்டன் ஃபோலியோ சொசைட்டி அந்த ஆசையை நிறைவேற்றியது. ஸ்டீஃபன் ராஸ், நோயல் போல்க் என்ற இரண்டு அறிஞர்கள் காலங்களைப் பிரித்துக்கொடுக்க, பதினான்கு நிறங்களில் 1,480 பிரதிகள் அச்சாயின.

நிற மை நல்ல யோசனையா? பாதி நல்ல யோசனை என்பேன். வாக்கியங்களின் வரிசையை அது கலைக்கவில்லை, ஒரு சொல்லையும் கூட்டவில்லை. இந்த விஷயத்தில் எந்த உரைநூலையும்விட நேர்மையானது. ஆனால் மாணவர் தானே கண்டுபிடிக்க வேண்டியதைக் கண்ணுக்கு முன்னால் பூசி வைத்துவிடுகிறது. காலம் மாறிவிட்டதா என்று திகைக்கும் அந்த ஒரு நொடி பென்ஜி பகுதியின் உயிர். பச்சை நீலமானதைப் பார்த்தவர் திகைப்பதில்லை.

ஃபாக்னர் தந்த இரண்டாவது உதவி இன்னும் விவகாரமானது. 1946-இல் விமர்சகர் மால்கம் கௌலி ஃபாக்னரின் எழுத்துகளிலிருந்து ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். ஃபாக்னருடைய நூல்கள் பெரும்பாலும் அச்சில் இல்லாமல் போயிருந்த காலம் அது. அந்தத் தொகுப்புக்காகக் காம்ப்ஸன் குடும்பத்தின் வரலாற்றை 1699 முதல் 1945 வரை ஒரு பின்னிணைப்பாக எழுதிக்கொடுத்தார் ஃபாக்னர். அதே ஆண்டு வந்த மாடர்ன் லைப்ரரி பதிப்பில், அவருடைய விருப்பப்படியே, அந்தப் 'பின்'னிணைப்பு நாவலுக்கு முன்னால் வைக்கப்பட்டது. ஒரு தலைமுறை மாணவர்கள் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனார்கள். குவென்டின் தண்ணீரில் மூழ்கிச் சாவான், ஜேசன் பணத்தைப் பறிகொடுப்பான், அவர்கள் சகோதரி கேடி இன்ன கதிக்கு ஆளாவாள் என்பதெல்லாம் தெரிந்த பிறகே பென்ஜியின் முதல் வரிக்கு வந்தார்கள். பிந்திய பதிப்புகளில் அது கடைசிக்குப் போனது, சிலவற்றில் எடுத்தே விட்டார்கள்.

சிக்கல் அதோடு முடியவில்லை. பதினேழு ஆண்டு கழித்து எழுதியபோது ஃபாக்னர் நாவலைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கவில்லை. ஜேசனின் பெட்டியிலிருந்து மருமகள், அதாவது கேடியின் மகள் குவென்டின், எடுத்துக்கொண்டு ஓடிய தொகை, நாவலில் அவன் ஷெரிஃபிடம் சொல்வது மூவாயிரம் டாலர். பின்னிணைப்பில் கிட்டத்தட்ட ஏழாயிரம். நாவலில் அவள் ஜன்னலிலிருந்து மரத்தின் வழியே இறங்குகிறாள். பின்னிணைப்பில் மழைநீர்க் குழாய் வழியே இறங்குகிறாள். கௌலி இப்படிப்பட்ட முரண்களைச் சுட்டிக்காட்டினார். பணக்கணக்கு போகட்டும். மரம் போனது சின்ன இழப்பல்ல. பாட்டி இறந்த நாளில் சிறுமி கேடி, சேறு அப்பிய உள்ளாடையோடு மரத்தில் ஏறி ஜன்னல் வழியே சாவு வீட்டை எட்டிப் பார்க்கிறாள். அண்ணன், தம்பிகள் கீழே நிற்கிறார்கள். இந்த ஒரு காட்சியிலிருந்துதான் நாவலே பிறந்தது என்று ஃபாக்னர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். முப்பது வருடம் கழித்து அவள் மகள் மரத்தின் வழியே இறங்கி ஓடுகிறாள். பின்னிணைப்பை நம்பிய மாணவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஆசிரியரே எழுதியது என்பதால் ஒரு உதவி சரியான உதவியாகிவிடாது. 1957, 58 ஆண்டுகளில் ஃபாக்னர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உறைவிட எழுத்தாளராக இருந்து, மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அந்தப் பதிவுகள் 1959-இல் நூலாயின. கேட்கக் கேட்க ருசியான உரையாடல்கள்தான். ஆனால் ஒரு இடத்தைப் பாருங்கள். குவென்டின் தன் தங்கையோடு தகாத உறவு கொண்டதாக அப்பாவிடம் சொன்னான் என்று நாவலில் வருகிறது. உண்மையில் சொன்னானா, சொன்னதாக நினைத்துக்கொண்டானா என்பது அங்கே தெளிவில்லை. தெளிவில்லாததுதான் அந்தப் பகுதியின் வேதனை. ஃபாக்னரோ, அவன் சொல்லவே இல்லை, மனத்துக்குள் நடத்திய பேச்சு அது என்கிற தொனியில் பதில் கொடுத்துவிட்டார். வகுப்பில் இதைச் சொன்னால் விவாதம் அங்கேயே படுத்துவிடும். நான் சொல்வதில்லை. நாவலை முடித்த பிறகு, ஆசிரியர் இப்படிச் சொல்லியிருக்கிறார், ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்பதுண்டு.

ஃபாக்னருக்குப் பிறகு வந்தது ஆய்வாளர்களின் உதவி. 1958-இல் ஜார்ஜ் ஸ்டூவர்ட், ஜோசஃப் பேக்கஸ் இருவரும் பென்ஜி பகுதியை நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டு எந்தக் காட்சியைச் சேர்ந்தது என்று பட்டியலிட்டார்கள். 1964-இல் எட்மண்ட் வோல்பியின் வழிகாட்டி நூல் வந்தது. அதிலும் காட்சிகளின் கால அட்டவணை உண்டு. 1996-இல் ராஸும் போல்கும் நாவல் முழுவதற்கும் வரிவரியாகக் குறிப்புரை எழுதினார்கள். கனடாவில் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தார் கணினியில் ஒரு பதிப்பு செய்தார்கள். பென்ஜி பகுதியைக் கால வரிசைப்படியே அடுக்கிப் படிக்க அதில் வசதி இருந்தது. 2005 கோடையில் ஓப்ரா வின்ஃப்ரி தன் வாசகர் வட்டத்துக்கு ஃபாக்னரின் மூன்று நாவல்களைத் தேர்ந்தெடுத்தபோது, பேராசிரியர்களை அழைத்து விளக்கமும் கொடுக்கச் செய்தார். இத்தனை பேர் இத்தனை காலம் உழைத்ததற்கு ஏளனம் ஆகாது. அந்தக் கால அட்டவணைகள் இல்லாவிட்டால் பல ஆசிரியர்களே கரையேறியிருக்க மாட்டோம்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோளில் ஒன்று கொண்டுகூட்டு. செய்யுளில் பல அடிகளில் சிதறிக் கிடக்கும் சொற்களைப் பொருள் வேண்டுமிடத்துக்கு எடுத்துக்கொண்டு கூட்டிப் பொருள் காண்பது. ஸ்டூவர்ட்டும் பேக்கஸும் வோல்பியும் செய்தது சாட்சாத் அதுதான். ஆனால் நம் உரையாசிரியர்கள் கொண்டுகூட்டிப் பொருள் கண்டதும், கூட்டிய வரிசையைச் செய்யுள் என்று யாரும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. பொருள் விளங்கியதும் செய்யுளுக்குத் திரும்பிவிட வேண்டும். ஃபாக்னர் வகுப்பில் நடப்பது பெரும்பாலும் திரும்பாத பயணம். அட்டவணையைப் புரிந்துகொண்டதே நாவலைப் புரிந்துகொண்டதாகிவிடுகிறது. 1939-இலேயே பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர் இதை எச்சரித்தார்: காலத்தை வரிசைப்படுத்தப் பார்த்தால், தான் வேறொரு கதையைச் சொல்லிக்கொண்டிருப்பது வாசகருக்கே தெரிந்துவிடும் என்றார்.

எப்படி வேறு கதையாகிறது என்பதற்கு ஊஞ்சல் காட்சி போதும். 1928-இல் பென்ஜி தோட்டத்து ஊஞ்சல் பக்கம் போகிறான். அங்கே யாரோ இருக்கிறார்கள். சட்டென்று இருட்டு. ஊஞ்சலில் இருப்பது இளம்பெண் கேடியும் சார்லி என்ற பையனும். பென்ஜி அழுகிறான். கேடி அந்தப் பையனை விட்டுவிட்டுத் தம்பியோடு வீட்டுக்கு ஓடிவருகிறாள், அடுக்களையில் சோப்பை எடுத்துத் தன் வாயை அழுத்தித் தேய்த்துக் கழுவுகிறாள். தம்பிக்கு அவள் மறுபடி மரத்தின் வாசனை வீசுகிறாள். மறுவரியில் வெளிச்சம் திரும்புகிறது. ஊஞ்சலில் இப்போது இருப்பவள் கேடியின் மகள், பக்கத்தில் சிவப்பு டை கட்டிய ஒருவன். பென்ஜியைக் கண்டதும் அவள் எரிந்து விழுகிறாள், ஏன் இவனை இங்கே கூட்டிவந்தாய் என்று துணைக்கு வந்த பையனைத் திட்டுகிறாள். தாய்க்கும் மகளுக்கும் உள்ள தூரம், அந்த வீட்டில் இடையில் என்ன செத்துப்போனது என்பது, எல்லாம் இரண்டு காட்சிகளும் தோள் உரசி நிற்பதால் மட்டுமே தெரிகிறது. கால அட்டவணையில் இவற்றுக்கு நடுவே ஏறத்தாழ இருபது வருடம். அதில் முதல் காட்சி கேடியின் பருவக் குழப்பம், இரண்டாவது மகளின் அடங்காமை. இரண்டு வெறும் தகவல்கள். பென்ஜி எதையும் ஒப்பிடுவதில்லை, அவனுக்கு அது தெரியாது. ஒப்பிடும் வேலை வாசகருடையது. வரிசையாக அடுக்கிக் கொடுத்தவர் அந்த வேலையைத்தான் பிடுங்கிக்கொள்கிறார்.

அப்படியானால் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடலாமா? தவிக்கட்டும், தவித்தால்தான் இலக்கியம் என்று சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். மூன்று முறை படித்தும் புரியவில்லை என்பவர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டதற்கு, நாலாம் முறை படிக்கச் சொல்லுங்கள் என்று ஃபாக்னரே பதில் சொன்னதை மேற்கோள் காட்டுவார்கள். எழுத்தாளர் அப்படிச் சொல்லலாம். ஒரு பருவத்தில் ஐந்து தாள் எழுத வேண்டிய பிள்ளையிடம் ஆசிரியர் சொல்லக் கூடாது. தானே தவிக்கட்டும் என்று விடப்பட்ட பிள்ளை தவிப்பதில்லை, கடைக்குப் போய் கைடு வாங்குகிறது. உதவியை மறுக்கும் ஆசிரியர், மோசமான உதவியிடம் மாணவரை அனுப்பிவைக்கிறார். வீட்டில் ஆங்கிலப் புத்தகம் பார்த்திராத பிள்ளைக்கு இந்த மறுப்பு இரட்டைச் சுமை.

நான் பார்த்தவரை பலிக்கும் உதவி ஒன்றுதான்: புத்தகத்துக்குள்ளேயே இருக்கும் தடயத்தை எப்படிப் பார்ப்பது என்று காட்டுவது. விடையைச் சொல்லாமல், விடை எங்கே கிடக்கும் என்று சொல்வது. பென்ஜி பகுதியின் முதல் தாவலையே எடுத்துக்கொள்ளலாம். பென்ஜியும் லஸ்டர் என்ற பையனும் வேலியோரம் போகிறார்கள். லஸ்டர், அன்று மாலை ஊருக்கு வந்திருக்கும் வேடிக்கைக் காட்சிக்குப் போக வைத்திருந்து தொலைத்த கால் டாலரைத் தேடிக்கொண்டிருக்கிறான். வேலி உடைந்த இடத்தில் புகும்போது பென்ஜியின் துணி ஓர் ஆணியில் மாட்டிக்கொள்கிறது. லஸ்டர் சலித்துக்கொள்கிறான். அடுத்த வரியில் எழுத்து சாய்கிறது: ஆணியிலிருந்து விடுவிப்பவள் கேடி. யாரும் பார்த்துவிடக் கூடாது, குனிந்து போ என்கிறாள். கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள், உறைந்துவிடும் என்கிறாள்.

இந்த இடத்தில் மாணவரிடம் எந்த வருடம் என்று கேட்டால் முழிப்பார். பகுதியின் தலைப்பில் என்ன மாதம் போட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். ஏப்ரல். மிஸிஸிப்பியில் ஏப்ரலில் கை உறையுமா? அவ்வளவுதான். பின்வரிசையில் யாராவது ஒருவர், சார் இது வேற நாள் என்பார். கொஞ்சம் தள்ளிப் படித்தால் கிறிஸ்துமஸ் பேச்சு அடிபடும், பன்றி அறுத்ததும் வரும். மாணவர்களே பிடித்துவிடுவார்கள். ஆணியில் மாட்டியது காலம் தாவும் கீல் என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை.

இன்னொரு தடயம், பென்ஜியைப் பார்த்துக்கொள்ளும் பையன். வெர்ஷ் கூட இருந்தால் பென்ஜி குழந்தை. டி.பி. கூட இருந்தால் வளர்ந்த பிள்ளை. கேடியின் கல்யாணம், பிந்திய சாவுகள் எல்லாம் டி.பி. காலம். லஸ்டர் என்றால் 1928. மூன்று பேரும் அந்த வீட்டில் ஊழியம் செய்யும் கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைகள். பழைய உத்திதான், எல்லா வழிகாட்டிகளிலும் இருக்கிறது. இருந்தாலும் இதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. காம்ப்ஸன்களின் காலத்தைக் கணக்கிட வேண்டுமென்றால் அவர்களுக்கு ஊழியம் செய்தவர்களின் பெயரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இதை மாணவர் கவனித்துவிட்டால், அமெரிக்கத் தெற்கின் நிற அரசியலுக்குள் தானே கால் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அங்கே நிறப் பிரிவினையை நிலைநிறுத்திய ஜிம் க்ரோ சட்டங்களைப் பற்றி நான் பேசுவது அவர் கேட்ட கேள்விக்குப் பதிலாக இருக்கும்.

தடயம் தேடி அகப்படாத செய்திகளும் உண்டு. அவற்றை மறைப்பதில் எந்த நியாயமும் இல்லை, முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நாவல் தொடங்கும்போது வேலிக்கு அப்பால் சிலர் கோல்ஃப் ஆடுகிறார்கள். மட்டைப் பையைச் சுமக்கும் பையனைக் 'கேடி' என்று கூப்பிடுகிறார்கள். பென்ஜி ஓலமிடுகிறான். கோல்ஃப் மைதானத்தையே பார்த்திராத நம் மாணவருக்கு அது எப்படித் தெரியும்? இதைச் சொல்லிவிட்டால் ரகசியம் எதுவும் உடைந்துவிடாது. கேடி யார், அந்த மைதானம் முன்பு யாருடைய மேய்ச்சல் நிலம், ஏன் விற்றார்கள் என்பதெல்லாம் அப்படியே காத்திருக்கும். மாறாக, தேதிகளோடு கூடிய வம்சாவளிப் படத்தை முதல் நாள் கரும்பலகையில் வரைவது தவறு. 1910-இல் குவென்டினுக்கு ஒரு சிலுவைக் குறி போட்டதுமே இரண்டாம் பகுதியின் நூறு பக்கமும் செத்துப்போகிறது. யார் யாருக்கு ஒரே பெயர் என்ற சின்னத் துண்டுச்சீட்டு போதும்.

நம் மாணவருக்குத் தெரியாதவை உண்டு என்றால், சட்டென்று தெரிகிறவையும் உண்டு. 1928 ஏப்ரல் 6, 7, 8 என்று எழுதிப் போட்டால் தேவாலயம் போகும் பிள்ளைகள், கிழமையைக் கேட்டுவிட்டு, பெரிய வெள்ளி, ஈஸ்டர் என்று வகுப்புக்குச் சொல்லிவிடுவார்கள். ஆனால் கைடுகள் இந்த இடத்தில்தான் குதிக்கின்றன. பென்ஜிக்கு வயது முப்பத்து மூன்று, ஏசுவுக்கும் முப்பத்து மூன்று, ஆகவே பென்ஜி ஏசு. பதினைந்து மார்க். சிலுவையும் உயிர்ப்பும் நாவலில் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாலாம் பகுதியில் காம்ப்ஸன் வீட்டுக் கறுப்பின ஊழியக்காரி டில்ஸி பென்ஜியைத் தன் மக்களின் தேவாலயத்துக்கு அழைத்துப் போகிறாள். வெள்ளையர் கோயிலில் அவனுக்கு இடமில்லை, இங்கே கூட்டிவருவதையும் ஊர் பேசுகிறது. இந்தச் சங்கடத்தைக் கவனிக்காமல் குறியீட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போவது, கோயிலுக்குப் போய்க் கோபுரத்தை மட்டும் எண்ணிவிட்டு வருவது.

உதவிகளில் நான் காணும் பெரிய குறை, அவை குவிந்திருக்கும் இடம். குறிப்புகளும் அட்டவணைகளும் நிறங்களும் முக்கால்வாசி பென்ஜிக்கே. நாவலின் மிகக் கடினமான பகுதி அவனுடையதல்ல. பென்ஜி பொய் சொல்ல மாட்டான், கண்டதைச் சொல்வான். காலம் பிடிபட்டுவிட்டால் அவன் தெளிந்த நீர். குவென்டின் அப்படியல்ல. 1910 ஜூன் 2 அன்று ஹார்வர்டு விடுதி அறையில் பாக்கெட் கடிகாரத்தின் கண்ணாடியை உடைத்து முள்ளைப் பிய்த்துப்போட்டு நாளைத் தொடங்குகிறவன், நடப்பதையும் நடந்ததையும் நடக்காததையும் ஒரே வாக்கியத்தில் கலக்கிறான். பார்த்துக்கொள்ளும் பையன் என்ற தடயம் இங்கே கிடையாது. வகுப்பில் பென்ஜிக்கு மூன்று வாரம் போய்விடும். குவென்டினை ஆசிரியர் கதையாகச் சொல்லி ஒரு மணி நேரத்தில் முடிப்பார். இது ஊரறிந்த ரகசியம்.

அதைவிட மோசமாகக் கைவிடப்படுவது ஜேசனின் பகுதி, காரணம் அது சுலபமாக இருப்பது. இரண்டு பகுதிகளில் மூச்சுத் திணறிய மாணவர், மூன்றாவதில் தெளிவான, நக்கலான, வேகமான பேச்சைக் கேட்டதும் ஜேசனைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். இவனாவது புரியும்படி பேசுகிறானே! கேடி தன் மகளுக்காக மாதாமாதம் இருநூறு டாலர் காசோலை அனுப்புகிறாள். ஜேசன் அசலை எடுத்துக்கொண்டு போலிக் காசோலை ஒன்றை அம்மாவிடம் நீட்டுகிறான். ஒழுக்கம் கெட்டவளின் பணம் எனக்கு வேண்டாம் என்று அவள் அதைக் கொளுத்துகிறாள். தினமும் குடும்பத்துக்காக உழைத்துத் தேய்வதாகப் புலம்புகிறவன் அப்படி வருடக்கணக்கில் சேர்த்த பணத்தைத்தான் கடைசியில் பறிகொடுக்கிறான். ஜேசன் இதை ஒளிக்கவில்லை, போகிற போக்கில் சொல்கிறான். சுலபமாக ஓடும் வாக்கியத்தில் மாணவர் அதையும் தாண்டி ஓடிவிடுகிறார். இங்கே தேவைப்படுவது, நிறுத்தி, இந்தக் காசோலை எங்கே போனது என்று கணக்குக் கேட்கும் உதவி. புரியாத இடத்தில் புரியவைப்பது ஒரு வேலை. புரிந்துவிட்டதாக நினைக்கும் இடத்தில் சந்தேகத்தை மூட்டுவது அதைவிடப் பெரிய வேலை.

கைடுகள் செய்யும் இன்னொரு அநியாயம் நாலாம் பகுதிக்கு 'டில்ஸியின் பகுதி' என்று பேர் வைப்பது. டில்ஸி அதில் கதை சொல்லவில்லை. பெயரில்லாத ஒரு குரல் வெளியே நின்று சொல்கிறது. மூன்று சகோதரர்களுக்கும் தன் குரல் கிடைத்தது. சகோதரிக்கும் ஊழியக்காரிக்கும் கிடைக்கவில்லை. கேடியைப் பேசவிட்டுத் தாழ்த்த மனம் வரவில்லை, அவள் அவ்வளவு அழகானவள் என்று ஃபாக்னர் வர்ஜீனியாவில் காரணம் சொன்னார். காரணத்தை ஏற்பதும் மறுப்பதும் மாணவர் பாடு. ஆனால் 'டில்ஸியின் பகுதி' என்று எழுதிக்கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. மௌனியையும் லா.ச.ரா.வையும் பாடத்தில் வைக்கும் தமிழ்த் துறைகளிலும் இதே மாதிரி லேபிள்கள் புழக்கத்தில் உண்டு. ஒட்டிய லேபிளைப் பிய்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே நடத்துகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆக, கால அட்டவணையை நான் எரிக்கச் சொல்லவில்லை. நாவலை ஒரு சுற்று முடித்த பிறகு கையில் கொடுக்கலாம். அப்போது அதன் மதிப்பே வேறு. தாங்கள் ஊகித்ததைச் சரிபார்ப்பார்கள், அறிஞர்களே சில துண்டுகளின் காலத்தில் ஒத்துப்போகவில்லை என்பதைக் கண்டு குஷியடைவார்கள், பிறகு முதல் பகுதியைத் தாங்களாகவே திருப்பிப் பார்ப்பார்கள். திரும்பிப் படிக்க நேரம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. முழு நாவலையும் இரண்டாம் முறை படிக்க முடியாதுதான். ஆணி, ஊஞ்சல், மரம் என்று மூன்று இடங்களுக்குப் போனால் போதும். ஒரு வகுப்பு நேரத்துக்குள் அடங்கும்.

தேர்வு மாறாத வரை இதெல்லாம் வகுப்போடு நின்றுவிடும் என்பதும் தெரியும். நனவோடை உத்தியை விளக்குக என்ற கேள்வி தாளில் இருக்கும் வரை, ஆணியைக் கண்டுபிடித்த பிள்ளைக்கும் கைடை ஒப்பித்த பிள்ளைக்கும் ஒரே மதிப்பெண். கைடுப் பிள்ளைக்கு ஒன்றிரண்டு கூடவே விழும். பென்ஜி பகுதியிலிருந்து வகுப்பில் எடுக்காத அரைப் பக்கத்தை அச்சிட்டு, இதில் எத்தனை காலங்கள் இருக்கின்றன, எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்கலாம். தவறான காலத்தைச் சொன்னாலும் சரியான சொல்லைக் காட்டியவருக்கு மதிப்பெண் கொடுக்கலாம். விடைக்குறிப்பு எழுதுவது கஷ்டம், திருத்தும் முகாமில் சச்சரவு வரும், மறுகூட்டல் மனுக்கள் பெருகும். இருந்தாலும் உள்தேர்விலாவது இதைத் தொடங்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.